மின்தடை பட்டியலுக்குக் கீழ ஒரு வரி போடுவீங்களா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க. உங்க பேப்பர்ல 'நாளைய மின்தடை'னு போடுறீங்களே, எங்க வீட்ல காலைல முதல்ல பாக்குறதே அதுதான், ராசிபலன் கூட அப்புறம்தான். அதுக்குக் கீழ மாசத்துக்கு ஒரு நாள் மட்டும், கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் அப்டேட் வர்ற நாள்னு ஒரு வரி சேர்த்துப் போடணும்னு கேக்கத்தான் இந்த லெட்டர்.

நாங்க இருக்குறது ஏற்காடு. ஐப்பசி மழைல ஒரு புதன்கிழமை சாயங்காலம் பையன் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணப் போனவன், 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்'னு இருந்தத அமுக்கிட்டு சாப்பிட வந்துட்டான். 30 சதவீதம் ஓடிருக்கும், வெளிய ஒரே காத்து, சில்வர் ஓக் கிளை முறிஞ்சு கம்பி மேல விழுந்து கரண்ட் போயிருச்சு. டெஸ்க்டாப்புங்க, யுபிஎஸ் பேட்டரி செத்து ரெண்டு வருஷமாச்சு (அது எங்க தப்புதான், ஒத்துக்குறேன்).

கரண்ட் வந்து ஆன் பண்ணா, செஞ்ச மாத்தத்த எல்லாம் பழையபடி ஆக்கிட்டு இருக்கேன் அணைச்சிராதீங்கன்னு இங்கிலீஷ்ல போட்டு வட்டம் சுத்துது. 20 நிமிஷம் பாத்துட்டு பொறுமை போய் வீட்டுக்காரர் பட்டன அமுக்கிப் பிடிச்சு அணைச்சுட்டார். அங்கதான் கெட்டுது, அப்புறம் விண்டோஸ் திறக்கவே இல்ல. பாதி மாத்துன ஃபைல அதுவே திருப்பி எடுத்து வைக்கிற நேரமாம் அது, ஒரு மணி நேரத்துக்கு மேலயும் ஆகலாம், சிபியூல அந்தச் சின்ன லைட்டு மினுக்கிட்டு இருக்குற வரைக்கும் தொடவே கூடாதாம்.

மறுநாள் சிபியூவ பெட்ஷீட்ல சுத்தி மடில வெச்சுக்கிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போனேன். கடைல ரெண்டு நிமிஷம் கூட பாக்கல, "ஃபார்மட்தான்க்கா போடணும், 800 ரூபா, டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னுட்டாங்க. அதுல பத்து வருஷ மிளகு, காப்பிக்கொட்டை கணக்கு இருக்கு, மாமனாரோட கடைசி போட்டோ இருக்கு. வேண்டாம்ப்பான்னு மறுபடி மடில வெச்சு மலையேறிட்டேன். கண்டக்டர் வேற, "காலைல இறங்குன கொழந்த சாயங்காலமே திரும்பிருச்சா"ங்குறார்.

அப்புறம் சூரமங்கலத்துல இருக்குற அண்ணன் பையன் ஃபோன்லயே சரி பண்ணிக் குடுத்தான். விண்டோஸ் லோகோ வந்ததும் பட்டன அமுக்கி அணைக்கணும், இப்படி ரெண்டு மூணு தடவ (தொடக்கூடாதுன்ன அதே பட்டன்தான், இங்க மட்டும் வேணும்னே), அப்ப நீல ஸ்கிரீன்ல ரிப்பேர் பக்கம் தானா வருது. ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், அதுல கடைசியா வந்த குவாலிட்டி அப்டேட்ட (மாசாமாசம் வர்றது அதுதான்) எடுத்து விட்டோம், கொஞ்ச நேரத்துல பழைய ஸ்கிரீன் வந்துருச்சு. வந்ததும் முதல் வேலையா போட்டோவெல்லாம் பென்டிரைவ்ல ஏத்திட்டேன்.

மறுபடி அப்டேட் போட்டா அதுவும் ஃபெயிலு, 70070னு முடியுற எரர். அப்படின்னா டிஸ்க்ல இடம் பத்தலன்னு அர்த்தம். சி டிரைவ்ல 3 ஜிபிதான் மிச்சம், ஆனா அப்டேட் இறங்கணும், விரியணும், திரும்பிப் போக வேண்டி வந்தா பழசும் இருக்கணும், எங்க பத்தும்? கல்யாண வீடியோவெல்லாம் டி டிரைவுக்குத் தள்ளி, டெம்ப் ஃபைல அழிச்சு, சர்வீசஸ்ல விண்டோஸ் அப்டேட்ட நிறுத்திட்டு விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன், அதுக்குள்ள டவுன்லோட், அதுல அரைகுறையா கெடந்ததெல்லாம் காலி பண்ணோம். மூணாவது தடவ ஏறிருச்சு. 800 ரூபா அப்படியே பேட்டரிக்குப் போச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த அப்டேட் மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்கால மேற்குக் கரை நேரம் காலைல 10 மணிக்கு விடுறாங்க, நமக்கு அது ராத்திரி 10.30, அங்க குளிர்காலம்னா 11.30. ஆக நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் போடுறவங்க கண்ணுல படுறது புதன்கிழமை. அன்னைக்குன்னு பாத்து நம்ம ஏரியால காலைல 9 மணிலருந்து மின்தடைன்னா என்ன ஆகும்? 5 வாரம் வரைக்கும் தள்ளி வைக்க செட்டிங்ஸ்ல வழி இருக்குதுங்க, ஆனா பாதுகாப்பு அப்டேட்டாச்சே, எத்தன தடவதான் தள்ளுறது.

அதனால அந்தப் புதன்கிழமைக்கு வர்ற பட்டியலுக்குக் கீழ, 'விண்டோஸ் அப்டேட் வரும் நாள், கரண்ட் வந்தப்புறம் போடவும்'னு ஒரு வரி, அவ்ளோதாங்க. இடம் இல்லன்னா ராசிபலன்ல ஒரு ராசிய சுருக்கிக்கோங்க, எங்க வீட்ல யாரும் மீனம் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஏற்காடு