நாலு மூட்டை அரிசியும் நாற்பது கிலோ சிப்பமும்

2025 நவம்பர் 16

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் போடாததற்கு சோம்பல் காரணமில்லை. குறுவை நெல்லைக் கொட்டிவிட்டு அரசு நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் பதினோரு நாள் காவல் கிடந்தேன். தீபாவளியும் அங்கேதான். உன் தங்கச்சி தூக்குவாளியில் இட்லியும் கறிக்குழம்பும் கொடுத்தனுப்பினாள். மழையில் நனைந்துகொண்டே சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உனக்கு சர்க்கரை எப்படி இருக்கிறது? மருமகள் கொடுக்கும் கணக்குச் சோறு போதாமல் ராத்திரியில் டப்பாவைத் திறக்கிறாயாமே, உன் பையனே போனில் சொன்னான்.

சரி, நீ ஆரம்பித்து வைத்த சண்டைக்கு வருகிறேன். “அரசாங்கம் வியாபாரத்திலிருந்து கையை எடுத்தால் போதும், விலை தன்னால் தன் இடத்துக்கு வந்துவிடும்” என்று எழுதியிருந்தாய். அதைப் படிக்கும்போது நான் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் நெல் குவியல். அடிப்பக்கம் கையை விட்டால் சூடாக இருந்தது. ஈர நெல் அப்படித்தான் முதலில் சூடேறும், அப்புறம் வாடை அடிக்கும், அப்புறம் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

நீ ஏன் அப்படி எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கப்பா ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நீ. வண்டி வந்தபோது அவருக்கு ஓட்ட உடம்பு இல்லை, நீதான் ஓட்டினாய், பின்னால் நான் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் ஒரு கம்பெனி வருஷத்துக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதை லைசென்ஸில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் செய்தால் குற்றம். வாங்க ஆள் வரிசையில் நிற்கிறான், செய்ய ஆள் தயாராக இருக்கிறான், நடுவில் ஒரு காகிதம். 1991 ஜூலையில் அந்த லைசென்ஸ் முறையைப் பெரும்பாலான தொழில்களுக்கு எடுத்த பிறகு இன்றைக்கு நம் தெருவில் நிற்கும் வண்டிகளை எண்ணிப் பார்த்தால் உன் பக்கம் நியாயம் இல்லை என்று யார் சொல்வார்? உங்கப்பா சுதந்திராக் கட்சிக்காரர் வேறு. 1959-இல் ராஜாஜி கட்சி ஆரம்பித்தபோதே சேர்ந்தவர். ‘லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம்’ என்று ராஜாஜி சொன்னதை அவர் சொல்லிச் சொல்லித்தான் நமக்கே அந்த வார்த்தைகள் தெரியும்.

ஆனால் மாப்பிள்ளை, ஸ்கூட்டர் முளைக்காது. கம்பெனிக்காரன் விலை படியவில்லை என்றால் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவைப்பான். என் நெல்லை நான் எங்கே நிறுத்திவைப்பது? மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தால் காவிரி டெல்டா முழுக்க ஏறக்குறைய ஒரே சமயத்தில் நாற்று விடுகிறோம், ஒரே சமயத்தில் அறுக்கிறோம். இப்போது மெஷின் அறுவடை வேறு, ஒரு மாதத்தில் நடந்தது பத்து நாளில் முடிகிறது. அதே பத்து நாளில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. எல்லாரும் விற்கத் துடிக்கும் வாரத்தில் வாங்க வருகிறவனுக்கு என்ன அவசரம்?

கணக்கைச் சொல்கிறேன், நீ கணக்கில் புலி. நான் போட்டது ஏ.எஸ்.டி. 16, குண்டு நெல், இட்லிக்குப் போகும். இந்த 2025 குறுவைக்கு சாதா ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநிலம் 131 சேர்த்து 2,500 கொடுத்தது. நாற்பது கிலோ சிப்பம் ஒன்றுக்குச் சரியாக ஆயிரம். மழை பிடித்த மூன்றாம் நாள் ஒரு வியாபாரி லாரியோடு வந்தார். அறுபது கிலோ மூட்டை 1,140 என்றார். நாற்பது கிலோவுக்குப் போட்டுப் பார், 760 வருகிறது. சிப்பத்துக்கு 240 ரூபாய் குறைச்சல். என்னிடம் 170 சிப்பத்துக்குக் குறையாமல் இருந்தது. நாற்பதாயிரம் ரூபாய் என்பது இங்கே ஒரு ஏக்கருக்கு உழவு, நடவு, உரம், அறுப்பு எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்டச் சரியாகப் போகும்.

அந்த வியாபாரியைத் திட்ட மாட்டேன். ஈர நெல்லை வாங்கி, அவித்து, காயவைத்து, கெட்டது போக மிச்சத்தை விற்க வேண்டும். அவருக்கு அவர் கணக்கு. கையில் ரொக்கம் வைத்திருந்தார், ஈரப்பத மீட்டரைக் கண்ணில் காட்டவில்லை, சிட்டா அடங்கல் என்று நிலத்துக் காகிதம் கேட்கவில்லை. எங்கள் தெருவில் நாலு பேர் அவரிடமே போட்டுவிட்டு தீபாவளிக்கு வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். நான்தான் 240 ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தேன்.

இப்போது நீ கேட்பாய்: அரசாங்கம் வாங்குவது அவ்வளவு நல்லது என்றால் ஏன் பதினோரு நாள்? அங்கேதான் உன்னிடம் நான் தோற்கிறேன். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்பது விதி. அக்டோபர் மழையில் 17-க்கு நெல்லை எங்கே காயவைப்பது, சொல். 22 வரை தளர்த்தச் சொல்லி மாநிலம் கேட்டது, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போனது. எங்கள் நிலையத்தில் ஒருநாள் சாக்கு இல்லை, ஒருநாள் லாரி இல்லை, வாங்கிய நெல்லே வெளியே போகாமல் நனைந்துகொண்டிருந்தது. இதெல்லாம் போகட்டும், மழையைச் சொல்லலாம். சிப்பத்துக்கு நாற்பது ரூபாய் ‘செலவு’ என்று வாங்கிக்கொண்டார்களே, அதற்கு எந்த மழையைச் சொல்வது? போதாததற்கு எடை போடும்போது ஒரு கிலோ கூடுதல். ஏன் என்று கேட்டால் வரிசையில் பின்னால் தள்ளிவிடுவார்கள். பின்னால் என்றால் இன்னும் இரண்டு நாள், இரண்டு நாள் என்றால் முளை. உனக்கு லைசென்ஸ், எனக்கு வரிசை டோக்கன். இரண்டும் ஒரே காகிதம்தான் என்று அன்றைக்குத் தோன்றியது. கடைசியில் இருபது சிப்பத்துக்கு ஈடான நெல் முளைத்துப் போய் மாட்டுக்கும் கோழிக்கும் போனது. போக மீதிக்குப் பணம் வங்கியில் ஏறிவிட்டது.

அப்படியும் அடுத்த வருஷம் அங்கேதான் கொண்டுபோவேன். வியாபாரி சிப்பத்துக்கு 760 கணக்கில் கேட்டதே நிலையத்தில் ஆயிரம் ரூபாய் விலை இருப்பதால்தான். அது இல்லாத ஊரில் என்ன சொல்வார்கள்? பீகாரில் விளைபொருள் விற்பனையை ஒழுங்குபடுத்தும் மண்டிச் சட்டத்தையே 2006-இல் எடுத்தார்கள். தனியார் மண்டிகள் வரிசையாக வரும், போட்டி வரும், விலை ஏறும் என்றார்கள். அங்கே அரசு அறிவித்த விலைக்குக் கீழே நெல்லை விற்பதுதான் இன்றைக்கும் பலருக்கு வாடிக்கை. நடு வீட்டில் ஒரு தூணை எடுத்தால் இடம் விசாலமாகும், உண்மைதான். மேலே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு, அரசாங்கத்தின் மேல் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்த இடத்தையும் சொல்கிறேன். அது கொள்முதல் இல்லை. 2023 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு ஒரே நாளில் தடை. அன்றைக்கு நியூஜெர்சியில் நீ கடைக்கு ஓடினாய். ஆளுக்கு ஒரு மூட்டைதான் என்று கடைக்காரன் சொல்ல, நீயும் பையனும் மருமகளும் தனித்தனி வரிசையில் நின்று, அப்புறம் இன்னொரு கடைக்கும் போய், மொத்தம் நாலு மூட்டை. சர்க்கரைக்காரன் வீட்டுக்கு நாலு மூட்டை! அதைப் பெருமையாக எனக்கு எழுதினாய். நம் ஊர் பாஷையில் அதற்குப் பதுக்கல் என்று பெயர், தெரியுமோ? சந்தை சந்தை என்று பேசுகிறவனே பதுக்கினான் என்று இங்கே டீக்கடையில் சொல்லிச் சிரித்தோம்.

உலகத்தில் நாடு விட்டு நாடு போகும் அரிசியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு நம்முடையது. அந்தக் கதவைச் சாத்தியதும் வெளியே விலை பதினைந்து வருஷத்து உச்சத்துக்குப் போனது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கும் 20 விழுக்காடு வரி போட்டார்கள். வெளியே விலை ஏறியதில் எனக்கு ஒரு ரூபாய் வந்ததா? வராது, கதவுதான் சாத்தியிருக்கிறதே. ஊர்க்காரனுக்கு அரிசி மலிவாகக் கிடைக்க வேண்டும் என்றார்கள், நல்ல எண்ணம்தான். அந்த மலிவுக்கான காசை வரிப்பணத்திலிருந்து கொடுத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். விளைவித்தவன் பையிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. 2024 செப்டம்பர் கடைசியில் தடையை எடுத்தபோது கிடங்குகளில் அரிசி நிரம்பி வழிந்தது. எத்தனால் காய்ச்சவும் கொடுத்தார்கள். 2008-லும் இதே கதை நடந்தது.

எனக்குப் புரிந்த அளவில் வித்தியாசம் இதுதான். ஆதரவு விலையை நான் விதைக்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள், இந்த வருஷம் மே மாதமே தெரியும். எத்தனை ஏக்கர், எந்த ரகம், எவ்வளவு கடன் என்று அதை வைத்து முடிவு செய்யலாம். தடை உத்தரவு நான் விதைத்து, களையெடுத்து, உரம் போட்ட பிறகு ராத்திரி டிவியில் வருகிறது. இரண்டையும் ‘அரசாங்கத் தலையீடு’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டி எடை போடுகிறாயே, அதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நம் சின்ன வயதில் இதைவிட மோசம். மாவட்ட எல்லை தாண்டி நெல் போகக் கூடாது, அரிசி போகக் கூடாது. என் அக்காவைத் திருச்சியில் கட்டிக் கொடுத்திருந்தோம். அம்மா அவளைப் பார்க்கப் போகும்போது தலையணை உறையில் நாலு படி அரிசியைக் கொட்டித் தைத்து, ரயிலில் அதன்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டே போவாள். சோதனைக்காரர் வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வாள். சொந்த வயலில் விளைந்த அரிசியை சொந்த மகளுக்குக் கொண்டுபோகத் திருடி மாதிரி நடித்தாள் பாவம். இங்கே நெல் கிடக்க, ரயிலில் மூன்று மணி நேரத்தில் அங்கே அரிசிக்கு ஆலாய்ப் பறந்தார்கள். 1967-இல் ரூபாய்க்கு ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று தி.மு.க. மேடையில் சொன்னது ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது என்று நமக்குத் தெரியும். ராஜாஜி 1952-இல் முதல்வரானதும் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்ததை என் அப்பாவும் சாகும்வரை மெச்சிக்கொண்டிருந்தார். அந்த ஒரு விஷயத்தில் நம் இரண்டு பேர் அப்பாவும் ஒரே கட்சி.

ஒரு பாவமன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். 1990-இலிருந்து எங்கள் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். மீட்டரைப் பார்க்க யாரும் வருவதில்லை என்பதால் நானும் வயலில் போய்த் தண்ணீரைப் பார்ப்பதில்லை. போர்வெல்லை ஓட விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனவன்தான் நான். முன்பு நாற்பது அடியில் கிடைத்த தண்ணீருக்கு இப்போது நூற்றிருபது அடிக்கு இறக்கியிருக்கிறோம். காசு கேட்டிருந்தால் பார்த்துப் பார்த்துப் பாய்ச்சியிருப்பேன், சந்தேகமே இல்லை. இந்த இடத்தில் நீ ஜெயித்தாய் என்று வைத்துக்கொள். ஆனால் நாளைக்கே பில் வந்தால் முதல் ஆளாகப் போராட்டத்தில் உட்காருவேன், அதையும் ஒளிக்கவில்லை.

அப்புறம், உன் பேச்சைக் கேட்டு ஒரு காரியம் செய்திருக்கிறேன். இந்த சம்பாவில் ஒரு ஏக்கர் ஆத்தூர் கிச்சிலி என்ற பாரம்பரிய ரகம் போட்டிருக்கிறேன். நிலையத்தில் அதற்கென்று தனி விலை கிடையாது, விளைச்சலும் குறைவு, சாய்ந்து தொலைக்கும். அங்கே எடுபடுகிற ரகத்தையே எல்லாரும் போட்டுப் போட்டுத்தான் இதெல்லாம் வயலை விட்டுப் போனது. இந்த ஒரு ஏக்கரை நிலையத்துக்குக் கொண்டுபோகப் போவதில்லை, ஆதரவு விலை கிடையாது, டோக்கன் கிடையாது, நீ சொல்கிற சந்தை மட்டும்தான். இப்போது தூர் கட்டி நிற்கிறது. நேற்று சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து, அரிசியாகவே வாங்கிக்கொள்கிறேன், கிலோ என்ன விலை என்று கேட்டார். எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாக என் நெல்லுக்கு என்னையே விலை கேட்டிருக்கிறார்கள். சட்டென்று வாயில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அங்கே உங்கள் கடையில் கிச்சிலி என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து அதற்குள் ஒரு போன் போடு.

உன் தங்கச்சி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்