மல்லி இன்னும் பூக்கவில்லை, அம்மா

டிராம்சோ, நார்வே
ஜனவரி 28

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறும் எழுத உட்காருவேன், இரண்டு வரியோடு எழுந்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே. மல்லி பூத்ததா என்று கேட்டிருந்தாயே, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பூக்கவில்லை. உயிரோடு இருக்கிறது.

நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான் மலைக்கு மேல் எட்டிப்பார்த்தது. அதுவரை நண்பகலில் நீலமாகக் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். மல்லித் தண்டு ஜன்னல் பக்கமே சாய்ந்து நூல் மாதிரி நீண்டுவிட்டது. கணுவுக்குக் கணு ஒரு விரல் இடைவெளி, இலையெல்லாம் வெளுப்பு. வெளிச்சத்தைத் தேடியே இருக்கிற சத்தையெல்லாம் செலவழித்துவிடும், பூவுக்கு மிச்சம் இராது என்றார் மேல்வீட்டு அம்மாள்.

தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடுராத்திரியில் வாசல் பனியைத் தள்ளுவாரே, அவர்தான். செடி என்றால் மட்டும்தான் வாய் திறப்பார். போன ஜூலையில், ராத்திரியும் வெயிலடித்த நாளில், என்னை மலைக்குக் கூட்டிப்போனார். குனிந்து ஒரு வில்லோ மரத்தைக் காட்டினார். என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை அம்மா! தண்டு முழுக்க மண்ணுக்குள், வெளியே இரண்டு மூன்று இலை. தரையை ஒட்டிக் கிடந்தால் காற்று அடிக்காது, கொஞ்சம் சூடும் கிடைக்கும்.

அதன் பக்கத்திலேயே ஒரு சின்னக் கதிர். மேலே வெள்ளைப் பூ, கீழே அரிசி மணி போலச் சிவந்த குமிழ்கள். கோடை சின்னது, பூச்சி வராமல் போகலாம், விதை முற்றாமலும் போகலாம். அதனால் விதைக்குக் காத்திராமல் இந்தக் குமிழ்களை உதிர்க்கிறது, விழுந்த இடத்தில் வேர் பிடிக்கிறது. ஒன்றிரண்டு தாய்ச்செடியில் இருக்கும்போதே இலை விட்டிருந்தன. நம் வாழை பக்கக்கன்று விடுவது ஞாபகம் வந்தது.

இறங்கும்போது 'டிராம்சோ பனை' என்று எதையோ காட்டினார். பனை என்று காதில் விழுந்ததும் ஓடிப்போய்த் தொட்டுவிட்டேன். ஆளை விட உயரமாக, குடை குடையாகப் பூத்திருக்கும் செடி அது. ஈரான் பக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவந்தது, இப்போது ஊரெல்லாம் அதுதான். அதன் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்பளிக்கும். மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது, ஆறிவிட்டது. ஓலைச் சத்தம் கேட்காத ஊரில் பனை என்று ஒரு பெயர் கேட்டதே போதுமாக இருந்தது அம்மா. அன்று ராத்திரி தூங்கவில்லை.

அண்ணன் கிணற்றடிப் பனையை வெட்டி அறை கட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று சொல். ஆண் பனை, காய்க்காது, எதற்கு என்கிறாராம். பக்கத்துத் தோட்டத்துப் பெண் பனைகள் காய்ப்பதற்கு மகரந்தம் எங்கிருந்து போகிறதாம்? பன்னிரண்டு பதினைந்து வருஷம் காத்திருந்து பாளை விட்ட மரம் அது. அறையை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தள்ளிக் கட்டட்டும். பணம் தருகிறேன் என்றதை மறக்கவில்லை. இந்த மாதம் மட்டும் பொறுக்கச் சொல், பங்குனிக்குள் அனுப்பிவிடுவேன். சாயங்காலமும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, நல்ல வேலைதான். சின்னவள் நகை விஷயத்தை அத்தையிடம் நீயே பேசு, அண்ணனை விடாதே.

மார்ச்சில் இங்கே வெளிச்சம் நன்றாக வந்துவிடும். அதற்குள் மல்லியைக் கவாத்து செய்ய வேண்டும். எத்தனை கணு விட்டு வெட்டுவாய் என்று உடனே எழுது.

உன் மகள்