தம்பியின் வால்கள்

ஹட்டன்
ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை

அன்புள்ள கலா,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று உன் வாட்ஸப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முடியை வெட்டியிருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

ஃபோனில் எழுதாமல் பேனையைத் தூக்கியதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் யாருடைய ஃபோனையும் தம்பி சுதன் எடுத்து நோண்டுவான். பேசி அனுப்பலாம் என்றால், எங்கள் வீட்டுப் பலகைச் சுவர் உனக்குத் தெரியாததா? விஷயமே அவனைப் பற்றியதுதான்.

பயப்படாதே, பொண்ணு விஷயம் இல்லை. அப்படி இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இவன் இணையத்தில் பெயர் வாங்கி விற்கிறான். டொமெய்ன், அதாவது இணையத்தள முகவரிப் பெயர். போன வருடம் ஒரு டொட் ஏஐ பெயரை வாங்கிப் போட்டிருந்தான். பங்குனியில் யாரோ வெளிநாட்டுக்காரன் அதை 1,800 டொலருக்கு எடுத்துக்கொண்டான். கமிஷன் போக நாலரை இலட்சம் ரூபா கைக்கு வந்தது. அம்மா மாரியம்மனுக்கு அர்ச்சனை, இவன் மண்டையன் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் ரோல்ஸும் பிளேன்டீயும். டவுனில் இப்போது இவன் பெயரே ‘டொட் கொம்’.

அதுதான் வேடிக்கை. இவனிடம் இருக்கும் நாற்பத்தைந்து பெயரில் ஒன்றுகூட டொட் கொம் கிடையாது. கொம் 1985இலேயே தொடங்கியது, நல்லதையெல்லாம் முந்தி வந்தவர்கள் அள்ளிவிட்டார்கள், இனி வாலில்தான் பிழைப்பு என்கிறான். புள்ளிக்குப் பின்னால் வருவதற்கு அவன் வைத்திருக்கும் பெயர் வால். அம்மாவும் இப்போது “தம்பி இன்னைக்கு ரெண்டு வால் வாங்கினான்” என்கிறார். டொட் ஒன்லைன், டொட் ஸ்டோர், டொட் எக்ஸ்வைஇசட் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. எல்ல, ஹப்புத்தளை, நானுஓயா என்று ரயில் நிற்கும் இடங்களையெல்லாம் பிடித்து டொட் எஸ்டேட் மாட்டியிருக்கிறான். “அது வீடு வளவு விற்கிற புரோக்கர்மாருக்கு வந்தது, கொழுந்து எடுக்கிற எஸ்டேட் இல்லடா” என்றால், “இங்க இருக்கிறவன் அப்படித்தானே வாசிப்பான்” என்கிறான். இங்கே இருக்கிறவனா டொலரைத் தூக்கிக்கொண்டு வாங்க வரப்போகிறான்? இன்னொன்று கேள். டொட் கோப்பி இருக்கிறது, டொட் டீ இல்லை. 1869இல் இலைநோய் பிடித்து, இருபது வருடத்துக்குள் இந்த மலையை விட்டே ஓடிய கோப்பிக்கு வால் கிடைத்திருக்கிறது!

நான் ஏ.எல். பிள்ளைகளுக்கு வர்த்தகம் படிப்பிக்கிறவள். தம்பி என்றாலும் கணக்கைக் கொண்டா என்று உட்கார வைத்தேன். காட்டினான். முதல் வருடம் ஒரு டொலர், இரண்டு டொலர், சிலது மூன்று. இவ்வளவு மலிவா என்று எனக்கே ஆசை வந்தது. அடுத்த பத்தியில் புதுப்பிக்கும் விலை இருந்தது. 25, 30, 40. சராசரி 30 என்று வை. நாற்பத்தைந்து பெயருக்கு 1,350 டொலர். டொலர் 300 ரூபா என்றால் நான்கு இலட்சத்து ஐயாயிரம், ஒரு வருடத்துக்கு. 2024இல் தோட்டத்து நாட்சம்பளத்தை 1,350 ரூபா ஆக்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கணக்கில் அது 300 நாள் சம்பளம். ஒரு விற்பனையில் வந்த காசு, விற்காத பெயர்களை ஒரு வருடம் வைத்திருக்கத்தான் காணும். அவன் பின்பற்றும் வியாபாரிகளே, நல்ல பெயராக நூறு வைத்திருந்தால் வருடத்தில் ஒன்றோ இரண்டோ விற்கும் என்றுதான் சொல்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் கொம் வைத்திருப்பவர்கள் பேசும் பேச்சு. காலாண்டுக்கு ஒன்று விற்பேன் என்று இவன் எந்தத் தைரியத்தில் எழுதி வைத்திருக்கிறானோ!

சும்மா சொல்லக்கூடாது, பையனுக்கு விஷயம் தெரிகிறது. அங்குவிலா என்று கரீபியனில் ஒரு குட்டித் தீவு, பதினாறாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். நாட்டுக் குறியீடாக ஏஐ என்ற இரண்டு எழுத்து அதற்குத் தற்செயலாக விழுந்தது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு உலகமே அந்த வாலுக்கு வரிசையில் நின்று, 2023இல் மட்டும் அந்த அரசாங்கத்துக்கு 3 கோடி டொலருக்கு மேல் கொடுத்தது. அவர்களுடைய மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கூட. இதைச் சொல்லும்போது அவன் கண்ணைப் பார்க்க வேண்டும். நான் கேட்டேன், “இதில பணக்காரனானது வாங்கினவனா, வித்த தீவா?” பதில் இல்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டான்.

மறுநாள் வேறு கணக்கோடு வந்தான். வொயிஸ் டொட் கொம் 2019இல் 3 கோடி டொலருக்குப் போனதாம். “அது கொம் டா!” என்று கத்தியே விட்டேன். அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. பெயர் விற்கும் கடைக்காரர்களுக்கு வைக்கும் கொம்மின் மொத்த வியாபார விலை ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டது. கொம்மை நடத்தும் வெரிசைன் நிறுவனம் 2024 செப்டெம்பரில் அதை 10.26 டொலர் ஆக்கியது, ஆனால் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 2012இல், இந்த வால்களையெல்லாம் மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பு ஒரு விண்ணப்பத்துக்கு 185,000 டொலர் வாங்கிக்கொண்டு திறந்துவிட்ட புது வால்களுக்கு அந்த வரம்பு இல்லை. ஆறு மாதம் முன்னால் அறிவித்தால் போதும், என்ன விலையும் வைக்கலாம். 2017இல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் தன் வால்கள் சிலவற்றுக்கு 3,000 சதவீதம் வரை ஏற்றியது. பத்து வருடக் காசை முன்கூட்டியே கட்டி விலையைப் பிடித்து வைக்க வழி இருக்கிறது, கட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. போதாததற்கு நாங்கள் ரூபாயில் சம்பாதிக்கிறவர்கள். 2022 மார்ச்சில் 200இல் நின்ற டொலர் மே மாதம் 360இல் நின்றதை வங்கிக்காரியான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாட்டு வால் என்றால் பத்திரம் என்கிறான். டொட் ஐஓ பிரிட்டனின் இந்து சமுத்திரப் பிரதேசத்துக்கு உரியது. அந்தத் தீவுகளை மொரிஷியஸுக்கு விட்டுக்கொடுப்பதாக 2024இல் பிரிட்டன் அறிவித்ததும் அந்த வாலின் கதி என்ன என்ற பேச்சு கிளம்பிவிட்டது. யூகோஸ்லாவியாவின் டொட் வையூ 2010இல் அழிக்கப்பட்டது. நாடு போனால் வாலும் போகலாம்.

இன்னொரு கூத்து. பட்டியலில் ஒரு பெரிய தேயிலைக் கம்பனியின் பெயர் இருந்தது, பின்னால் டொட் ஷொப். “அவங்களே வந்து கேப்பாங்க” என்றான். கேட்பார்கள்தான். 1999இலிருந்து அதற்கென்றே ஒரு விசாரணை முறை இருக்கிறது. வர்த்தகக் குறிக்கு உரியவன் முறையிட்டு வென்றால் பெயரைப் பிடுங்கிக் கொடுத்துவிடுவார்கள், இவனுக்கு ஒரு சதம் கிடைக்காது. அதை மட்டும் என் கண் முன்னாலேயே நீக்க வைத்தேன்.

இவ்வளவும் அவனுடைய காசோடு போனால் போகட்டும், பட்டுத் தெளிவான் என்று விட்டிருப்பேன். அம்மாவின் ஈபிஎஃப், அதாவது சேமலாப நிதிக் காசு நிலையான வைப்பில் இருக்கிறதல்லவா, அது இந்த மாதக் கடைசியில் முதிர்கிறது. அம்மா அதில் பாதியை அவனுக்குக் கொடுக்கப்போகிறார். முப்பத்து மூன்று வருடம் கூடை தூக்கின காசு, கலா.

அவன் அம்மாவிடம் எப்படிச் சொல்லியிருக்கிறான் தெரியுமா? “இது இன்டர்நெட்டில காணி வாங்கிற மாதிரிம்மா.” காணி! தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்தில் எங்களைப் பெற்று, ஏழு பேர்ச் காணி தருகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டுக் கேட்டு, கடைசிவரை ஒரு காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் பிடித்துப் பார்க்காத மனுஷிக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போட்டால்? இதில் உறுதி எங்கே இருக்கிறது? வருடா வருடம் வாடகை. கட்டத் தவறினால் கொஞ்ச நாள் தவணை, பிறகு பெயர் வேறு ஆளுக்கு. வாடகையைக் கூட்டுவதும் விடுவதும் துரையின் இஷ்டம், அந்தத் துரை எந்த நாட்டில் இருக்கிறான் என்றுகூடத் தெரியாது. இதை அம்மாவிடம் இப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவன் வீட்டில இருக்கானே” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். எங்கள் லயத்துப் பையன்களில் இங்கே மிஞ்சியவன் இவன் ஒருவன். மற்றவர்கள் கொழும்பில் கடைகளில், மாலைதீவில் ஹோட்டல்களில். வாலுக்குப் பணம் கொடுத்தால் பிள்ளை பக்கத்து அறையில் லப்டொப்போடு இருப்பான், இராத்திரி ரொட்டி சுட்டுக் கொடுக்கலாம். அந்தக் கணக்கை என்னால் எந்தப் பேரேட்டிலும் எழுத முடியவில்லை. அம்மாவிடம் என் வாய் அடைபட்டதும் அங்கேதான்.

அதனால் நீ வர வேண்டும். போயா விடுமுறையில் வருவதாகச் சொன்னாய், அதை ஒரு வாரம் முந்தி வை, வைப்பு முதிர்வதற்கு முன்னால். அம்மாவிடம் வட்டி கூடிய முதியோர் வைப்பு ஒன்றைப் பற்றிப் பேசு, வங்கிக்காரி சொன்னால் கேட்பார். அவனை என்னிடம் விட்டுவிடாதே, நான் பேசினால் சண்டைதான். வாங்குவதை நிறுத்தச் சொல்லாதே, முறைத்துக்கொள்வான். ஐந்து பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் புதுப்பிக்காமல் விடச் சொல். நம் நாட்டு வாலான டொட் எல்கேயில் ஒன்றை எடுத்து, எல்லவில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிற நம் புஷ்பாவுக்குத் தளம் செய்து கொடுத்து மாதாமாதம் காசு வாங்கட்டும். அவனுக்கு அந்த வேலை கைவந்தது. வீட்டில் இருந்தபடியே செய்யலாம்.

வரும்போது வெள்ளவத்தையில் எனக்கு நல்ல பருத்திச் சேலை ஒன்று பார். இரண்டாயிரத்துக்கு மேல் போகாதே. உன் மாமியாருக்கு என் வணக்கம், கால்வலி எப்படி என்று எழுது.

அன்புடன்,
வசந்தி

பின்குறிப்பு: உன் பெயரையும் தேடியிருக்கிறான் கழுதை. டொட் பேங்க் கேட்டானாம், அது உண்மையான வங்கிகளுக்கு மட்டும்தானாம். டொட் லைஃப் என்ன விலை என்று பார்த்து வைத்திருக்கிறான். உன் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிவிடாதே.