தாளுக்கும் தொடுதிரைக்கும் ஒரே பேனா: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

நடுநிலை வகுப்புகளிலும் உயர்நிலை வகுப்புகளிலும் மாணவர்கள் பாடக் குறிப்புகளை நோட்டிலும், வரைபடங்கள், வடிவியல் படங்கள் போன்றவற்றை டேப்லெட்டிலும் எழுதி வருவதை அறிவீர்கள். ஒரே பாடவேளையில் நோட்டுக்கும் திரைக்கும் மாறி மாறிப் போக வேண்டியிருப்பதால், ஒரு பக்கம் மையும் மறுபக்கம் தொடுதிரையில் எழுத உதவும் ஸ்டைலஸும் உள்ள பேனாவை வாங்கித் தரலாமா, தரலாம் என்றால் எதைப் பார்த்து வாங்குவது என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கித் தரலாம். ஆனால் அது முதலில் நல்ல பேனாவாக இருக்க வேண்டும், நல்ல ஸ்டைலஸாக இருப்பது அதற்கு அடுத்தபடிதான் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளை ஒரு நாளில் பக்கம் பக்கமாக எழுதுவது தாளில்தான். திரையில் செய்யும் வேலை அவ்வப்போது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது, அதையும் தேவைப்பட்டால் விரலாலேயே செய்துகொள்ள முடியும். கைக்கு ஒத்துவராத பேனாவால் கையெழுத்து கெட்டால் அதை ஈடுசெய்ய வேறு வழியில்லை.

ஆகவே, கடையில் பிள்ளையின் கையில் பேனாவைக் கொடுத்து, கிறுக்கிப் பார்க்காமல் சில வரிகளை முழுமையாக எழுதச் சொல்லுங்கள். இத்தகைய பேனாக்களில் ஸ்டைலஸ் பெரும்பாலும் மேல்முனையில் இருப்பதாலும் உடல் உலோகத்தால் ஆனதாலும், சிலவற்றில் எடை மேல்பக்கம் கூடிவிடுகிறது. அப்போது பிள்ளை பேனாவைச் சாயாமல் பிடிப்பதற்காக விரல்களை இறுக்கிக்கொள்ளும், சிறிது நேரத்திலேயே கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கத் தொடங்கும். பல வண்ண மைகளுடன் ஸ்டைலஸும் சேர்ந்து வரும் பேனாக்கள் பார்க்கக் கவர்ச்சியாக இருந்தாலும், அவற்றுக்குள் இருப்பவை பெரும்பாலும் 67 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய ரீஃபில்கள்; அவற்றில் மை குறைவாகவே பிடிக்கும் என்பதால் நாள்தோறும் எழுதும் மாணவருக்கு அவை விரைவில் தீர்ந்துபோகும். எங்கும் எளிதில் கிடைக்கும் வழக்கமான ரீஃபிலை மாற்றிப் போடக்கூடிய பேனாவே நெடுநாள் உழைக்கும். நிறமும் வேலைப்பாடும் உங்கள் விருப்பம்.

இனி ஸ்டைலஸ் பக்கத்துக்கு வருகிறேன். இங்கே திரை எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும். இன்றைய டேப்லெட், கைபேசித் திரைகள் நாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தி இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அமைக்கப்பட்டு, அவற்றில் மெல்லிய மின்புலம் நிலவுகிறது. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்பதால், விரல் தொட்ட இடத்தில் அந்த மின்புலம் சற்றே மாறுகிறது. மாற்றம் எங்கே நேர்ந்தது என்பதைக் கருவி கணக்கிட்டு அதையே தொடுதலாக எடுத்துக்கொள்கிறது. நகத்தாலோ சாதாரண பிளாஸ்டிக் பேனா மூடியாலோ எவ்வளவு தேய்த்தாலும் திரை அசையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஸ்டைலஸ் விரலுக்குப் பதிலாக நிற்க வேண்டுமானால், அதன் முனை மின்கடத்தும் பொருளால் ஆனதாகவும், அந்த முனையிலிருந்து பிடிக்கும் கைவரை மின்கடத்தும் பாதை அறுபடாமலும் இருக்க வேண்டும். முனை திரையில் ஓரளவு அகலமான இடத்தையும் தொட வேண்டும். அலுமினியம், பித்தளை போன்ற உலோக உடல் கொண்ட பேனாக்கள் இதனால்தான் நம்பகமாக வேலை செய்கின்றன. முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன மலிவான பேனாவில் முனை மட்டும் கறுப்பு ரப்பராக இருந்தால், அது விட்டுவிட்டு எழுதவும் எழுதாமலே போகவும் வாய்ப்புண்டு.

முனைகளில் மூன்று வகை பரவலாக உள்ளன. குமிழ் போன்ற ரப்பர் முனை எல்லாவற்றிலும் பொதுவானது. 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள அந்த முனை பட்டன்களைத் தொடவும் பக்கம் புரட்டவும் போதுமானது என்றாலும், கண்ணாடியில் இழுபட்டுத் தயங்கித் தயங்கி நகரும். மின்கடத்தும் நூலிழையால் பின்னப்பட்ட முனை வழுக்கிச் செல்வதால் கோடு போடச் சுலபமானது, ரப்பரைவிட நீடித்தும் உழைக்கிறது. இரட்டைப் பேனாவில் நான் விரும்புவது இந்த வகையைத்தான். மூன்றாவது, சிறு முனையின் நுனியில் நிறமற்ற மெல்லிய வட்டத்தட்டு பொருத்தப்பட்டது. எழுதும் இடம் அந்தத் தட்டின் ஊடே தெரிவதால் வரைபடத்தில் நகரங்களையும் ஆறுகளையும் குறிக்க அது மிக ஏற்றது. ஆனால் பைக்குள் மற்றப் பொருள்களோடு உரசினால் தட்டு எளிதில் உடைந்துவிடும் என்பதால், மாற்றுத் தட்டு தரப்படாத பேனாவை வாங்க வேண்டாம்.

தமிழ் எழுதும் பிள்ளைகளின் பெற்றோர் முனையின் அகலத்தைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். இ, ஞ, ணை, ழு ஆகியவற்றை அகலமான ரப்பர் முனையால் சிறிதாக எழுதினால் முனையே எழுத்தை மறைத்துவிடுகிறது. சுழி எங்கே மூடியது என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. வாங்கும்போது இந்த எழுத்துகளையே திரையில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு, மூலைக்கு மூலையாக ஒரு சாய்கோட்டை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கோடு அறுபடாமல் வந்தால் மின்பாதை சரியாக இருக்கிறது என்று பொருள்.

இரு முனைகளும் எங்கே இருக்கின்றன என்பதே எல்லாவற்றிலும் முக்கியமாகப் பார்க்க வேண்டியது. எழுதும் முனையைச் சுற்றியே ரப்பர் வளையம் அமைந்து, மை முனை அதன் நடுவிலிருந்து வெளியே வரும் பேனாக்கள் உண்டு. மை முனையை உள்ளே இழுக்க மறந்து பிள்ளை திரையில் எழுதிவிட்டால், மை படிவதோடு நிற்காது. பந்துமுனைப் பேனாக்களின் பந்து பலவற்றில் டங்ஸ்டன் கார்பைடால் ஆனது, அது கண்ணாடியைவிடக் கடினமானது, அழுத்தி இழுத்தால் திரையில் நிரந்தரக் கீறல் விழக்கூடும். எனவே இவ்வகைப் பேனாவை இளைய மாணவர்களுக்கு வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அழுத்தும் பொத்தானின் தலையிலேயே ஸ்டைலஸ் பொருத்தப்பட்டவையும் தொல்லை தருபவையே: திரையில் ஊன்றும்போது பொத்தான் அமுங்கி, மறுமுனையில் மை முனை வெளியே வந்து சட்டையில் கோடு போட்டுவிடும். ஸ்டைலஸ் மேல்முனையில் அசையாமல் இருக்க, உடலைத் திருகினால் மை முனை வெளியே வரவும் உள்ளே போகவும் செய்யும் அமைப்பே சிறந்தது. மூடியின் தலையில் ஸ்டைலஸ் உள்ள பேனாக்களில் மூடி தொலைந்தால் ஸ்டைலஸும் தொலைந்தது. அப்படிப்பட்டதையே வாங்குவதாக இருந்தால், மூடியில் காற்று செல்லும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். தவறி விழுங்கினாலும் மூச்சு முழுவதும் அடைபடாமல் இருப்பதற்காகவே அந்தத் துளை வைக்கப்படுகிறது.

விலையுயர்ந்த டிஜிட்டல் பேனாக்களைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். அவற்றின் முனை மிக மெல்லியது, உள்ளங்கை திரையில் பட்டாலும் கருவி குழம்புவதில்லை, அழுத்தத்துக்கு ஏற்பக் கோட்டின் தடிமனும் மாறும். எனினும் அவை குறிப்பிட்ட கருவிகளோடு மட்டுமே பொருந்தும். 2015-ஆம் ஆண்டு வெளிவந்த ஆப்பிள் பென்சில் ஐபேடுகளிலும், அவற்றிலும் எல்லா மாதிரிகளிலும் அல்லாமல் குறிப்பிட்டவற்றில்தான் வேலை செய்கிறது. சாம்சங்கின் எஸ் பென், திரைக்கு அடியில் அதற்கென ஒரு தனி அடுக்கு உள்ள கருவிகளில்தான் எழுதும். வகுப்பில் பயன்படும் கருவியும் வீட்டில் உள்ள கருவியும் வெவ்வேறாக இருந்தால் செலவு வீணாகும். நம் வகுப்பு வேலைகளுக்கு மின்கலம் இல்லாத எளிய ஸ்டைலஸே போதும்.

ஆனால் எளிய ஸ்டைலஸுக்கும் விரலுக்கும் திரை வேறுபாடு பார்ப்பதில்லை என்பதால், உள்ளங்கை ஊன்றினால் அதையும் தொடுதலாகவே அது எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டே எழுத நேர்கிறது, தோள் களைத்துப்போகிறது. எனவே அடிக்கோடிடுதல், குறியிடுதல், படம் வரைதல் ஆகியவற்றுக்கு மட்டுமே திரையில் ஸ்டைலஸைப் பயன்படுத்தவும், கட்டுரை போன்ற நீண்ட எழுத்துகளைத் தாளிலேயே எழுதவும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டிலும் இதையே பின்பற்றுங்கள்.

பராமரிப்பு எளிது. முனையில் ஒட்டும் மணல் துகளே திரையைக் கீறும் என்பதால், சற்றே ஈரமான துணியால் வாரம் ஒருமுறை முனையைத் துடைக்கப் பழக்குங்கள். ரப்பர் கிழிந்து உள்ளிருக்கும் உலோக விளிம்பு தெரிந்தால், மாற்று முனை போடும்வரை அந்தப் பேனாவைத் திரையில் வைக்கவே கூடாது. பேனாவின் மேல்முனையைக் கடிக்கும் பழக்கமுள்ள பிள்ளைகளிடம் முனை மிக விரைவில் கிழியும். அந்தத் துண்டு வாய்க்குள் போகும் ஆபத்தும் உண்டு, அவர்களுக்கு இப்போதைக்குத் தனிப் பேனாவும் விரலுமே போதும். திரையின் மேல் தடித்த பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தால் ஸ்டைலஸ் சரியாக எழுதாமல் போகலாம். பேனாவைக் குறை சொல்லும் முன் வேறொரு திரையில் சோதித்துப் பாருங்கள்.

பெயர் எழுதி ஒட்டும்போது, விரல்கள் பிடிக்கும் பகுதியில் தாளோ செலோடேப்போ சுற்ற வேண்டாம். கைக்கும் உலோகத்துக்கும் இடையில் அது தடையாகி, நன்றாக இருந்த ஸ்டைலஸ் செயலிழந்ததுபோலத் தோன்றும். கிளிப்பில் சிறு துண்டாக ஒட்டினால் போதுமானது. புதிய பேனாவை முதல் நாள் வகுப்பாசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். வகுப்புக் கருவியில் எழுதிப் பார்த்து, பொருந்தாவிட்டால் அன்றே உங்களுக்குத் தெரிவிப்பார். கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ள வசதியாக, அதுவரை ரசீதையும் உறையையும் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்