தண்ணி விடுறது யார் வேலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

புது வீடு கட்டுகிறவர்கள் சில்லறை வேலைகளைத் தாங்களே பார்த்துக்கொண்டால் கூலி மிச்சமாகும் என்று உங்கள் வீட்டுமனைப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். மிச்சமாகும், இல்லையென்று சொல்லவில்லை. நான் போன வருஷம் அருப்புக்கோட்டையில் 900 சதுர அடியில் வீடு கட்டியவன். உள்பக்கம் பட்டி தேய்த்தது, பெயின்ட் அடித்தது எல்லாம் நானும் மனைவியும்தான், அந்தக் காசில் ஒரு மோட்டாரே வாங்கிவிட்டோம். ஆனால் ஒரு வேலையை நாம் கையில் எடுத்துக்கொண்டால் பிற்பாடு எது வெடித்தாலும் அது நம் தலையில்தான் விடியும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

லேபர் கான்ட்ராக்டில் (சாமான் நம்முடையது, ஆள்கூலி மட்டும் மேஸ்திரிக்கு) வீடு கட்டும் எவரைக் கேட்டாலும் சொல்வார், போட்ட கான்கிரீட் காய்ந்துவிடாமல் இறுகத் தண்ணி விடுறது வீட்டுக்காரர் வேலை. எந்தத் தாளிலும் எழுதியிருக்காது, ஆனாலும் வழக்கம் அதுதான். நாங்கள் தளம் போட்டது சித்திரை கடைசியில். மேலே சாந்தில் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்தினோம், பில்லர்களுக்கு ஏற்கெனவே சாக்கு சுற்றி நனைத்துக்கொண்டிருந்தோம், எங்கள் ஊர் வெயிலுக்கு அந்தச் சாக்கு பதினொரு மணிக்கெல்லாம் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். மேஸ்திரி ஏழு நாள் போதும் என்றார். நாங்கள் வாங்கியது பிபிசி (PPC) என்கிற சாம்பல் கலந்த சிமென்ட், அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும், 14 நாள் என்றால் இன்னும் நல்லது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456-ல் இருக்கிறது. நான் 14 நாள் விட்டேன். நடுவில் ஒரே ஒரு நாள் மதுரையில் கல்யாணம், பாத்தி வறண்டுபோய்க் கிடக்க, திரும்பி வந்து சாயங்காலம்தான் தண்ணீர் விட்டேன். அந்த ஒரு நாளை மேஸ்திரி இன்றுவரை மறக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஹாலுக்கு மேலே தளத்தில் முடி போல இரண்டு வெடிப்பு தெரிந்தது, ஈரமும் இறங்கியது. கூப்பிட்டுக் காட்டியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "தண்ணி பத்தல சார், நீங்க கல்யாணத்துக்குப் போயிட்டீங்கல்ல."

சரி, கான்கிரீட் போட்ட அன்று என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீடுகளுக்கு வழக்கமாகப் போடும் எம் 20 என்கிற வலுவுள்ள கலவையில் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகக்கூடாது, மணலில் இருக்கும் ஈரமும் அந்தக் கணக்கில் அடக்கம், கூடினால் கான்கிரீட் வலுவிழக்கும். மிக்சருக்குப் பக்கத்தில் 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றை வைத்திருந்தார்கள். மூட்டைக்கு இரண்டு வாளி போனது, அப்புறம் ஹோஸைப் பிடித்து ஒரு பீய்ச்சு. கலவை மோர் மாதிரி ஓடினால் பரப்ப சுலபம், அவ்வளவுதான் காரணம். நான் போய்க் கேட்டேன். "கம்பிக்குள்ள இறங்கணும்ல சார்" என்றார்கள். இருபது பேர் வேலை செய்துகொண்டிருக்கும்போது நிறுத்து என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அது என் தப்பு.

இதையும் மறைக்காமல் சொல்கிறேன், பாத்ரூமில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை நானே அடித்தேன். அடித்துக் காய்ந்ததும் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும் என்று டைல்ஸ்காரர் சொல்லியும், மறுநாளே வேலையைத் தொடங்க வைத்தது நான்தான். இப்போது பக்கத்து அறைச் சுவரில் இந்திய வரைபடம் போல ஒரு கறை. இதற்காக யாரையும் நான் குறை சொல்ல முடியாது. மைத்துனர் வயரிங்கையும் நாமே பார்த்துவிடலாம் என்று வீடியோ எல்லாம் காட்டினார், அதற்கு மட்டும் மறுத்துவிட்டு லைசென்ஸ் உள்ளவரையே வைத்தோம். எம் சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) லாரி வந்தால் டேப்போடு மேலே ஏறி நீளம், அகலம், உயரம் பார்ப்பது (100 கன அடி ஒரு யூனிட்), பூசுவதற்கு முன் சுவரில் பைப் போகும் வழியை போட்டோ எடுத்து வைப்பது, இதெல்லாம் வீட்டுக்காரர் தாராளமாகச் செய்யலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று கொடுத்தாலே ஆன்லைனில் அனுமதி வந்துவிடுகிறது. அலைச்சல் குறைந்தது, வரவேற்கிறேன். கட்டி முடித்தபின் வாங்கும் முடிவுச் சான்றும் வேண்டாம். அப்படியென்றால் எங்களைப் போன்ற சின்ன வீடுகளில் கான்கிரீட் போடும்போது பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் ஒருவர்தான், அவருக்கும் ஒன்றும் தெரியாது.

அதனால்தான் கேட்கிறேன், சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒற்றை வரியில் ஒப்பந்தம் எழுதுகிறோமே, அதில் தண்ணீர் விடுவது யார், எத்தனை நாள், கலவைக்குத் தண்ணீர் அளப்பது யார், வெடிப்பு வந்தால் எத்தனை வருஷம் வரை யார் பார்ப்பது என்றும் எழுதினால் என்ன? பொறியாளர் சங்கங்கள் தமிழில் ஒரு பக்க மாதிரி ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கட்டும், நீங்கள் அதை அந்தப் பக்கத்திலேயே அச்சிடுங்கள், நாங்கள் வெட்டி எடுத்து மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம்.

வெடிப்பை அடைக்க வரச் சொல்லி நான்கு முறை போன் பண்ணியாகிவிட்டது. ஆடி போகட்டும் என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அருப்புக்கோட்டை