நெல் தோகையில் நிற்காத தண்ணீர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்கு மொட்டை, காதுகுத்து, வீடு நிறைய ஆட்கள். இப்போதுதான் உட்கார முடிந்தது. முழங்கால் வலியோடு மருந்து டேங்கை இன்னும் நீயே முதுகில் தூக்குகிறாய் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. ஒரு ஆளை வைத்துக்கொள்.

வேப்பங்கொட்டைக் கரைசல் தோகையில் முத்து முத்தாக உருண்டு சேற்றில் விழுகிறது, சோப்பு போடச் சொல்கிறார்கள், அது எதற்கு என்று கேட்டிருந்தாய். உன் கரைசலில் குறையில்லை. இலையின் குணம் அது. தாமரை இலைத் தண்ணீர் என்கிறோமே, நெல்லும் அந்தச் சாதிதான். தோகை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின் மேல் மெழுகு. துளி மேட்டு நுனிகளில்தான் உட்காருகிறது, அடியில் காற்று. மெழுகு மட்டும் போதாது. மெழுகுவர்த்தியில் தண்ணீர் தெளித்துப் பார், துளி குவிந்து நிற்கும், ஆனால் ஒட்டிக்கொள்ளும்.

நேற்று வாய்க்கால் ஓரத்தில் ஒரு சேம்பு இலையைப் பறித்து, பாதியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். தேய்க்காத பக்கம் துளி ஓடியது. தேய்த்த பக்கம் அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயதில் அந்த இலையில் தண்ணீர் ஏந்தி ஓடுவோமே, அப்போது இது தோன்றவே இல்லை.

துளியின் விளிம்பில் இலை, நீர், காற்று மூன்றும் சந்திக்கின்றன. அங்கே நடக்கும் இழுபறிதான் துளி படருமா, குவியுமா என்று தீர்மானிக்கிறது. 1805இல் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் இதை எழுதினார். துளியின் விளிம்பு இலைப்பரப்போடு துளிக்குள் உண்டாக்கும் கோணம், நாம் கல்லூரியில் படித்த சேர்கோணம், அந்த இழுபறியின் விளைவுதான். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் படர்வதால் அது சுழியை ஒட்டி இருக்கும், தாமரையிலும் நெல்லிலும் 150 பாகையைத் தாண்டும். தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பைச் சுருக்கிப் பிடிக்கும் இழுப்பு, மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு கலந்தால் 30க்குக் கிட்டே இறங்கிவிடும். அப்புறம் தன்னைக் குவித்துப் பிடித்துவைக்கும் பலம் துளிக்குக் குறைந்து, மேடுகளுக்கு நடுவே இறங்கிப் படர்கிறது.

ஒன்று கவனி. சோப்பு துளியின் மேற்பரப்புக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் வேண்டும். நாசிலிலிருந்து இலைக்கு வருவதோ கண் இமைக்கும் நேரம். பெரிய துளி வேகமாக மோதித் தட்டையாகி, சோப்பு வேலை செய்வதற்குள் பந்து மாதிரி எகிறிவிடும். அதனால் துளி பொடியாக விழும் நாசிலைப் போடு. ரொம்பப் பொடியானால் காற்று கொண்டுபோய்விடும், காற்றில்லாத சாயங்காலம் நல்லது. வேம்பின் சத்தும் வெயிலில் கெடக்கூடியது. சோப்பை அள்ளிப் போடாதே, தோகை தாங்காமல் வழிந்துவிடும், கருகவும் செய்யும்.

அடுத்த முறை ஒரு பாத்தியில் சோப்பில்லாமலும் பக்கத்துப் பாத்தியில் சோப்போடும் அடித்துப் பார்த்துவிட்டு எழுது. தோகையைக் கையால் தடவாமல் பார். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்