பிஎம்எஸ் நாமளே செய்யலாம், ஆனா கடைசி காவல் புரோகிராம் கையில வேணாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

லித்தியம் பேட்டரி பேக்குக்கு பிஎம்எஸ் (ஒவ்வொரு செல்லையும் கண்காணிச்சு, சமமா வச்சு, ஆபத்துன்னா பேக்கை கட் பண்ற சர்க்யூட்) நாமளே செஞ்சுக்கறது பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். தமிழ்ல இதெல்லாம் எழுத ஆள் இருக்கறதே சந்தோஷம். ஆனா முக்கால்வாசி இடம் ஆர்டுயினோ (சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு) புரோகிராமுக்கும் போன்ல கிராஃப் காட்டற ஆப்புக்கும் போயிடுச்சு, ஏதாவது ஏடாகூடமானா பேக்கை யாரு கட் பண்றதுங்கறதுக்கு ரெண்டே வரி. என்னைக் கேட்டா இத அப்படியே தலைகீழா எழுதியிருக்கணும்.

முதல்ல அளக்கற விஷயத்துக்கு வர்றேன். ஒவ்வொரு செல் முனைலேர்ந்தும் ரெண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜை குறைச்சு ஆர்டுயினோவுக்கு குடுங்கன்னு எழுதியிருக்கீங்க. 3 செல், 4 செல்லுக்கு இது ஒப்பேறும். 13 செல் சீரிஸ்ல ஃபுல் சார்ஜ் 54.6 வோல்ட், மேல் செல் எவ்வளவுன்னு தெரியணும்னா 54.6-ல இருந்து அதுக்கு கீழ இருக்கற 12 செல்லோட 50.4-ஐ கழிக்கணும், இதுல ரெசிஸ்டர் 1 சதவீதம் தப்பா இருந்தாலே அரை வோல்ட்டுக்கு மேல தப்பு வந்துடும், 4.2-ன்னு நிரம்பி நிக்கற செல்லை 3.7-ன்னு கிட்டத்தட்ட பாதி செல்லா காட்டிட்டு அது பாட்டுக்கு சார்ஜ் ஏத்திட்டே இருக்கும். ஆர்டுயினோவுல வோல்டேஜை எண்ணா மாத்தற 10 பிட் ஏடிசி-ல ஒரு படியே இங்க 53 மில்லிவோல்ட், அது வேற. கேலிபரேட் பண்ணா சரியாயிடும்னு சொல்வாங்க, ஓரளவு ஆகும், ஆனா சூடு ஏறுனா ரெசிஸ்டர் மதிப்பு நகரும். இன்னொன்னு, இந்த ரெசிஸ்டர் ஜோடி (டிவைடர்) எல்லாமே நெகட்டிவ்ல போய் முடியறதால அத்தனை கரண்டும் அடி செல் வழியா ஓடுது, மேல் செல்லு அதோட டிவைடருக்கு மட்டும்தான் குடுக்குது, அதாவது பேலன்ஸ் பண்ண வந்த சர்க்யூட்டே செல்லுங்களை கொஞ்சம் கொஞ்சமா ஏறுக்கு மாறா காலி பண்ணும்.

இதுக்குன்னே சிப் இருக்கு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிக்யூ76940-ஐ எடுத்துக்கிட்டா 9 செல்லுலேர்ந்து 15 செல் வரைக்கும் தாங்கும். வோல்டேஜ் ஏறினா, இறங்கினா, கரண்ட் எகிறினா, ஷார்ட் ஆனா, ஆரம்பத்துல ஒரு தடவை அளவெல்லாம் குடுத்து வச்சுட்டா போதும், உங்க மைக்ரோகண்ட்ரோலர் தொங்கிப் போனாலும் அது பாட்டுக்கு மாஸ்ஃபெட்டை (பேக்கை இணைக்கற, துண்டிக்கற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) ஆஃப் பண்ணிடும். ஆனா சூட்டை மட்டும் அளந்து சொல்லும், தானா கட் பண்ணாது, அது உங்க புரோகிராம் வேலை. இத கவனிக்காம விடறவங்க நிறைய பேர். அதனால வாட்ச்டாக் (புரோகிராம் தொங்கினா ரீசெட் பண்ற டைமர்) கண்டிப்பா வேணும், சூட்டை அளக்கற தெர்மிஸ்டர் வயர் கழண்டு போச்சுன்னா அதையும் ஃபால்ட்டா எடுத்து நிறுத்தற மாதிரி எழுதணும். பூஜ்யம் டிகிரிக்கு கீழ சார்ஜ் ஏத்துனா ஆனோடு மேல லித்தியம் உலோகமாவே படியும், அந்த லிமிட்டும் இதுலயே வரணும்.

சரி, சிப் ஆஃப் பண்ண சொல்லிடுச்சு, மாஸ்ஃபெட் கேக்கணுமே! மாஸ்ஃபெட் செத்துப் போனா பெரும்பாலும் ஓபன் ஆகாது, அதோட ரெண்டு முனை, டிரெயினும் சோர்ஸும், ஒட்டிக்கிட்டு ஷார்ட்டாத்தான் நிக்கும், அப்ப உங்க பிஎம்எஸ் வெறும் ஒரு கம்பித் துண்டு. கட்டுரைல ஃப்யூஸ்ங்கற வார்த்தையே ஒரே ஒரு இடத்துலதான் வருது. பெரிய எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 3.65 வோல்ட்லயே நிரம்பற வகை) செல் 16 சீரிஸ்ல போட்டு ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்கான ஆம்ப்ஸ் ஓடும், சாதாரண கண்ணாடி ஃப்யூஸ் அத அறுக்காது, உள்ள ஆர்க் பிடிச்சு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். டிசி வோல்டேஜுக்கு ரேட்டிங் உள்ள, அவ்வளவு கரண்ட்டை அறுக்கற ஃப்யூஸ் (கிளாஸ் T மாதிரி) பேக் முனைக்கு பக்கத்துலயே வரணும். செல்லுங்கள்லேர்ந்து போர்டுக்கு போற, வோல்டேஜை அளக்கற மெல்லிசு சென்ஸ் வயர் ஒவ்வொன்னுக்கும் சின்ன ஃப்யூஸ் தனியா.

பேலன்ஸிங் (அதிகம் நிரம்பின செல்லை ரெசிஸ்டர்ல வடிச்சு சமமாக்கறது) பத்தி ரொம்ப நம்பிக்கையா எழுதியிருக்கீங்க. 33 ஓம் ரெசிஸ்டர்ல எல்எஃப்பி செல்லை வடிச்சா சுமார் 110 மில்லிஆம்ப்ஸ். 100 ஆம்பியர்-மணி செல்லு ஒன்னுக்கொன்னு 5 சதவீதம் வித்தியாசம்னா 5 ஆம்பியர்-மணி, விடாம வடிச்சாலே 45 மணி நேரம். எல்எஃப்பி-க்கு நடு பாகத்துல வோல்டேஜ் கோடு தட்டையா கிடக்கும், எது நிறைஞ்சது எது குறைஞ்சதுன்னே தெரியாது, அதனால 3.4 வோல்ட்டுக்கு மேல போன கொஞ்ச நேரத்துலதான் பேலன்ஸ் பண்ண முடியும், அப்ப அந்த 45 மணி நேரம் எத்தனை சார்ஜுக்கு இழுக்கும்னு பாத்துக்கோங்க. சீரிஸ் கட்டறதுக்கு முன்னாடி எல்லா செல்லையும் பேரலல்ல போட்டு 3.65 வரைக்கும் ஏத்தி சமமாக்கிடறதுதான் வழி, பிஎம்எஸ் அதுக்கப்புறம் வர்ற சின்ன வித்தியாசத்துக்கு. வடிக்கற நேரத்துல வோல்டேஜை படிக்காதீங்க, அதே வயர்ல கரண்ட் ஓடறதால குறைச்சு காட்டும், நிறுத்திட்டு படிக்கணும். பழைய லேப்டாப் பேக்ல எடுத்த 18650 செல், அடி வரைக்கும் காலியாகி கிடந்ததுன்னா அதுக்கு எந்த பிஎம்எஸ்ஸும் உதவாது, உள்ள காப்பர் கரைஞ்சிருக்கும், திரும்ப சார்ஜ் ஏத்துனா உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகலாம். தூக்கிப் போட மனசு வராது, ஆனா போட்டுடுங்க, குப்பைல இல்ல, பழைய பேட்டரி சேகரிக்கற இடத்துல.

செஞ்ச போர்டை நேரா செல்லுல மாட்டாதீங்கன்னு கட்டுரைல ஒரு வார்த்தை இல்ல, எனக்கு ரொம்ப உறுத்துனது அதுதான். 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் 13-ஐ வரிசையா பற்றவச்சு, பெஞ்ச் பவர் சப்ளைல 48 வோல்ட் குடுத்தா அதுவே பொய் பேட்டரி. மொத்தம் 40 மில்லிஆம்ப்ஸ்கூட ஓடாது, சப்ளைல கரண்ட் லிமிட்டை கம்மியா வச்சுட்டா ஏதாவது தப்பா மாட்டினாலும் பெரிய சேதம் இருக்காது. பேலன்ஸிங்கை ஆஃப் பண்ணிட்டு, ஒரு ரெசிஸ்டருக்கு பதிலா 200 ஓம் பொட்டென்ஷியோமீட்டர் வச்சு திருகுங்க, அந்த செல் மட்டும் 4.2-ஐ தாண்டும், எத்தனை வோல்ட்ல கட் ஆகுதுன்னு மீட்டர்ல பாருங்க, அப்புறம் கீழ இறக்கி பாருங்க. மைக்ரோகண்ட்ரோலரை ரீசெட்டுலயே பிடிச்சு வச்சுக்கிட்டு ஒரு தடவை. தெர்மிஸ்டரை பிடுங்கிட்டு ஒரு தடவை. இது எல்லாத்துலயும் கட் ஆனா மட்டும் செல்லு பக்கம் போகலாம்.

அடுத்த பகுதில முழு சர்க்யூட் படம் போடறதா சொல்லியிருக்கீங்க. அதுல மெயின் ஃப்யூஸையும் சென்ஸ் வயர் ஃப்யூஸையும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, பேக் நெகட்டிவ்லேர்ந்து எந்த வரிசைல வயர் மாட்டணும்னு நம்பர் போட்டு காட்டுங்க, முடிஞ்சா மேல சொன்ன பொய் பேட்டரியோட ரெசிஸ்டர் ஏணியையும் பக்கத்துலயே வரைஞ்சுடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்